உரோமானியத் தொல்லிடங்களும் வருமுன் காத்தலும்

முன்னுரை

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயி, ஹெர்குலேனியம் என்னும் உரோமானிய நகரங்கள் மண்ணுள் மறைந்தன. 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயியிலும் அகழ்வு தொடங்கிற்று. பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேல் மண் காத்தவை, வெளிப்பட்ட நாள்முதல் மழைக்கும் வெயிலுக்கும் இலக்காயின. அவற்றைக் காக்கும் திட்டமிடலின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அழிவின் காரணம்

2010 நவம்பர் 6ஆம் நாள் பொம்பெயியின் 'ஸ்கோலா அர்மதுராரும்' என்னும் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 1943இல் குண்டுவீச்சால் சிதைந்த அக்கட்டடத்திற்குப் பின்னர் வலுவூட்டிய கான்கிரீட்டால் கூரை அமைக்கப்பட்டிருந்தது. பழஞ்சுவர்மீது ஏறிய அச்சுமையும், தொடர்மழையில் நீரூறிய மண்ணின் அழுத்தமும் வீழ்ச்சிக்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன. ஆகவே சீரமைப்பே சிலபோது சிதைவுக்கு வித்தாகிறது என்பது பெறப்படும்.

உர்பானியின் கருத்து

உரோமை நகரின் மைய மீட்டமைப்பு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஜொவான்னி உர்பானி, 1976இல் உம்பிரியா மாநிலத்திற்கெனப் பாதுகாப்புத் திட்டமொன்றை வகுத்தார். சிதைந்த பொருளைத் தனித்தனியே செப்பனிடுவதினும், சிதைக்கும் சூழலை அறிந்து அதன் வேகத்தைக் குறைப்பதே தக்கது என்பது அவர் கொள்கை. அத்திட்டம் அப்போது செயலுக்கு வரவில்லை. எனினும், 1990களில் இத்தாலி உருவாக்கிய இடர் வரைபடத்திற்கு அதுவே அடிப்படையாயிற்று.

ஹெர்குலேனியத்தில் செயல்முறை

2001இல் பேக்கார்டு மனிதவியல் நிறுவனம் இத்தாலியத் தொல்லியல் துறையுடன் இணைந்து ஹெர்குலேனியத்தில் பணி தொடங்கியது. ஓவியங்களுக்கு மெருகூட்டுவதினும் கூரைகளையும் வடிகால்களையும் சீர்செய்தலே முதற்பணியாகக் கொள்ளப்பட்டது. நகரத்தார் அமைத்த நிலத்தடிக் கால்வாய்கள் தூர்வாரப்பட்டு மழைநீரை மீண்டும் வடித்தன. அவற்றில் கிடைத்த மீன்முள்ளும் அத்திவிதையும் அந்நகரத்தாரின் உணவுமுறையை அறியத் துணைசெய்தன. எச்சத்தால் சுவர்களைக் கெடுத்த புறாக்களை விரட்டப் பழக்கிய வல்லூறுகள் பறக்கவிடப்பட்டன.

பொம்பெயியில் 2012இல் ஒப்புதல் பெற்ற 10.5 கோடி யூரோ மதிப்பிலான திட்டமும் மண்சரிவைத் தடுத்தல், நீரை வடித்தல் ஆகியவற்றுக்கு முதன்மையளித்தது.

முடிவுரை

66 ஹெக்டேர் பரப்புடைய பொம்பெயியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி இன்னும் மண்ணுள் உள்ளது. அதனைத் தோண்டாது விடுதலும் வருமுன் காத்தலேயாகும். அகழ்வு ஒருமுறை நிகழ்வது. காவலோ நாள்தோறும் தொடர வேண்டுவது. அக்காவலுக்கு வழிகாணாத அகழ்வு, கண்டெடுத்ததையே இழக்கச் செய்யும் என்பதை இவ்விரு நகரங்களின் வரலாறும் உணர்த்துகிறது.