பேனாக்கத்தியும் நம் பக்கத்து உருக்கும்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். போன வாரம் கேட்டான்: "சார், பழம் நறுக்க, பார்சல் பிரிக்க ஒரு பேனாக்கத்தி வாங்கணும். ஐநூறு ரூபாய்க்குள்ள எதைப் பார்த்து வாங்கறது? மொக்கையாயிட்டா எப்படித் தீட்டறது?" இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் கேள்வி கேட்டுவிட்டு இரண்டு வரியோடு தப்பித்துவிட முடியுமா? பொறுமையாகப் படியுங்கள். இதில் நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கதை நிறைய இருக்கிறது.

முதலில் பெயர். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? வெள்ளைக்காரன் வாத்து இறகைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்தில், முனை மழுங்க மழுங்கச் சீவ ஒரு சின்னக் கத்தி வேண்டும். அதுதான் பேனாக்கத்தி. நம்மிடம் அதற்கு அண்ணன் ஒருவன் இருந்தான், மடக்கெழுத்தாணி. பிடியின் ஒரு பக்கம் எழுத்தாணி, இன்னொரு பக்கம் ஓலையை வாரிச் சீராக்கும் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். பிடி மரத்திலும் இருக்கும், பித்தளையிலும் இருக்கும், வசதியானவர் வீட்டில் தந்தத்திலும் இருக்கும். ஓலையில் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு மடக்குக் கத்தி புதிதே இல்லை.

கத்திக்கு உயிர் அதன் உருக்கு. வெறும் தேனிரும்பு வளையும், கூர் நிற்காது. அதில் நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து ஒன்றரைப் பங்கு வரை கரி (கார்பன்) ஏறினால் அது உருக்கு. அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும். இந்தக் கரியை இரும்புக்குள் ஏற்றும் வித்தை நம் பக்கத்தில் பழையது. நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் அடையாளங்கள் கிடைத்தன. சேலத்துக் கஞ்சமலை, கோதுமலை, நம் பக்கத்துக் கொல்லிமலை, தலைமலை எல்லாவற்றிலும் காந்த இரும்புத் தாது உண்டு. மழை பெய்து ஓய்ந்ததும் ஓடைகளில் ஒதுங்கும் கருமணலை அரித்தெடுத்து மண் உலையில் உருக்கினார்கள்.

அந்த இரும்பை உருக்காக்கியதை ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1839-ல் எழுதி வைத்திருக்கிறார். இரும்பைத் துண்டு துண்டாக நறுக்கி மண் குகையில் (மூசை என்றும் சொல்வார்கள்) போடுவார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங் குச்சியைச் சேர்த்து, மேலே எருக்கிலை ஒன்றிரண்டு வைத்து, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இப்படி இருபது இருபத்துநான்கு குகைகளை வளைவாக அடுக்கி, துருத்தி ஊதி இரண்டரை மணி நேரம் காய்ச்சுவார்கள். ஆறியபின் குகையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி. ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையும், ஆடுகூடத் தொடாத எருக்கும் செய்த வேலை இது! குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குள் ஏறின. காற்றுப் புகாமல் அடைத்ததால் அந்தக் கரி எரிந்து வீணாகவில்லை. வேதியியல் புத்தகம் படிக்காதவர்கள் கண்ட கணக்கு.

நாம் உருக்கு என்பதைக் கன்னடத்தில் உக்கு என்பார்கள். அதுவே ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' ஆனது என்பது பொதுவான கருத்து. 1794-ல் டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் என்பவர் பம்பாயிலிருந்து இந்த உருக்குக் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை படித்தார். அந்தச் சோதனைக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளி ஒரு கட்டியை அடித்து என்ன செய்தார் தெரியுமா? வாள் இல்லை, கோடரி இல்லை. ஒரு பேனாக்கத்தி! அங்கிருந்த மிக நல்ல உருக்குக் கத்திக்குச் சமமாக அது வெட்டியது என்று பதிவாகியிருக்கிறது. பின்னால் இதே ஸ்டோடார்ட்டோடு சேர்ந்துதான் மைக்கேல் ஃபாரடே உருக்கை ஆராய்ந்து 1820-லும் 1822-லும் கட்டுரைகள் வெளியிட்டார். மின்சாரத்துக்காக நீங்கள் படித்த அதே ஃபாரடே. அவர் அப்பா ஒரு கொல்லர்.

ஹீத் கதைக்கு வருகிறேன். மதராஸ் சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு, சேலத்துத் தாதுவை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை போட்டார். தாது இங்கிருந்து கடற்கரைக்குப் போனது. உருக்கிய இரும்பு கப்பலேறி, கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஷெஃபீல்டுக்கும் போனது. நிலக்கரி இல்லாததால் உலைக்கு மரக்கரிதான், அதற்குக் காடு காடாக மரம் தேவைப்பட்டது. ஆலை என்றைக்கும் நிமிரவில்லை. அவருக்குப் பின் வந்த கம்பெனியும் 1870-களுக்குள் முடிந்தது.

ஹீத் 1839-ல் இங்கிலாந்தில் இன்னொரு காரியம் செய்தார். உருக்கு வார்க்கும்போது மாங்கனீஸும் கரியும் சேர்ந்த பொருளைப் போட்டால் உருக்கு நன்றாகப் பற்றவைக்க வரும், விலை மலிந்த இரும்பிலும் நல்ல உருக்கு செய்யலாம் என்று காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு கத்தி விலை மலிந்தது. ஆனால் அவரிடம் ஏஜெண்டாக இருந்தவரே இரண்டு பொருளையும் தனித்தனியாகப் போட்டு, இது வேறு முறை என்று சொல்லிவிட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஹீத் 1851-ல் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபைத் தீர்ப்பு எதிராகவே வந்தது. அவருக்காக நான் வருத்தப்படுகிறேன். ஆனால் அவருக்காவது பெயரும் வழக்கும் மிஞ்சின. அவர் உட்கார்ந்து பார்த்து எழுதினாரே, ஆவாரங்குச்சி போட்டு உருக்கிய அந்தச் சேலத்து ஆட்கள், அவர்களில் ஒருவர் பெயர்கூட நம் பாடப்புத்தகத்தில் இல்லை. மலிவான சீமை இரும்பு வந்து இறங்கியதும் அவர்கள் உலை அணைந்தது. தாது அன்றும் மலையில் இருந்தது, இன்றும் இருக்கிறது. கைப்பழக்கம்தான் போனது. ஷெஃபீல்டு ராட்ஜர்ஸ் கத்தியைக் காசு கொடுத்து வாங்கும் ஊராக நாம் ஆனோம்.

இப்போது கடைக்குப் போவோம். துருப்பிடிக்காத உருக்கு 1913-ல் அதே ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கையில் பிறந்தது. ஆரம்பத்தில் 'வெட்டாத கத்தி செய்தவர்' என்று அவரைக் கேலி செய்தார்கள். அதில் விஷயம் இருக்கிறது. எல்லா எவர்சில்வரும் கத்திக்கு ஆகாது. கஞ்சமலை அடிவாரத்திலேயே நமக்கு சேலம் உருக்காலை இருக்கிறது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது. 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்று நாடே அறிந்த பெயர். ஆனால் நம் தட்டும் டம்ளரும் செய்யும் வகையில் கரி மிகக் குறைவு, காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. கத்திக்கு வேண்டியது கரி கூடுதலாக உள்ள, இறுக்கக்கூடிய வகை. ஆகவே 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. 420, 440 என்றோ, 8சிஆர்13 என்றோ உருக்கின் வகையைச் சொல்லும் கத்தியை வாங்கு. வகையே சொல்லாமல் பளபளப்பும் டிராகன் படமுமாக இருப்பதை விட்டுவிடு.

கரி உருக்குக் கத்தியும் கிடைக்கும். சீக்கிரம் தீட்டலாம், நல்ல கூர் வரும். ஆனால் துடைத்து வைக்காவிட்டால் துரு. மாங்காய், வாழைப்பூ நறுக்கினால் கறுக்கும். நம் அரிவாள்மணை கறுத்துப்போய் இருந்தது அழுக்கினால் அல்ல, அது கரி உருக்கு என்பதால்தான். பெங்களூரில் தனியாக இருக்கும் பையனுக்கு நான் எவர்சில்வர் வகையையே சொல்வேன். அலகு மூன்று அங்குலம் போதும். விரித்துப் பிடித்தால் மூட்டு ஆடக்கூடாது. மடக்கும்போது அலகு நடுவில் போய் உட்கார வேண்டும். கத்தியோடு ஸ்பூன், கத்தரிக்கோல், திருப்புளி என்று பதினைந்து சாமான் சேர்ந்திருந்தால் அந்த விலைக்கு ஒன்றும் உருப்படியாக இருக்காது.

கத்தியைவிடக் கல்தான் முக்கியம். கோரண்டம் என்று உலகமே சொல்லும் கனிமத்தின் பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. பரமத்தி பக்கம் சித்தம்பூண்டிப் பாறைகளில் அது இருக்கிறது. (சந்திரயான் சோதனைக்கு நிலா மண் போல ஒன்று தயாரிக்க இஸ்ரோ பாறை எடுத்துப்போனதும் அதே சித்தம்பூண்டிப் பக்கம்தான்.) குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டுப் பழைய முறை. 1890-களில் அமெரிக்காவில் ஆச்சசன் மின்உலையில் செய்த கடினப் பொருளுக்கு அந்தப் பெயரையே ஒட்டிக் 'கார்போரண்டம்' என்றார். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மழமழப்பு என்று விற்கும் கல் அந்த வம்சம். கத்தி வாங்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அதை வாங்கு.

கல்லைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணி மேல் வைத்தால் நகராது. அலகு 2 செ.மீ. அகலம் என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து ஒரு பென்சில் பருமன் உயர்ந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 20 டிகிரி வரும், பாகைமானி வேண்டாம். அதே சாய்வில், கல்லின் மேல்தோலை மெல்லச் சீவி எடுப்பதுபோல அடியிலிருந்து நுனிவரை இழு. அழுத்தாதே. பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பிறகு மறுபக்கத்தில் கூர் ஓரம் முழுக்க மெல்லிய பிசிறு எழும்பியிருக்கும். விரலை ஓரத்தின் நெடுக ஓட்டாமல், குறுக்கே வெளிப்பக்கமாகத் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். பிசிறு எழாமல் பக்கத்தை மாற்றாதே. தீட்டியும் கூர் வரவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு மழமழப்புப் பக்கத்தில் இரண்டு புறமும் மாறி மாறி, இழுப்புக்கு இழுப்பு கை லேசாகிக்கொண்டே வரவேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கிப் பத்துத் தடவை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். தக்காளித் தோல் அழுத்தாமல் அறுந்தால் போதும். நாவிதர் கத்தி அளவுக்கு வேண்டாம்.

சைக்கிளில் வரும் சாணைக்காரர்கள் இப்போது அபூர்வம். வந்தால் கொடுங்கள், ஆனால் பொறி பறக்க வைத்து அழுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓரம் நீலம் பாய்ந்தால் இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

பேரப் பிள்ளைகளின் பள்ளிப் பையில் எந்தக் கத்தியும் போகக் கூடாது. நம் காலம் வேறு. விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் மடக்கெழுத்தாணியோ, தாத்தா வைத்திருந்த பழைய கத்தியோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். துரு இருந்தால் இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், அலகின் அடியில் இருக்கும் முத்திரை அழிந்துவிடும். அந்த முத்திரை தெரியும்படி ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த ஊர்க் கத்தி என்று சேர்ந்து பார்ப்போம்.