பேச்சை இழந்தவர் அறிவை இழந்தவர் அல்லர்

பக்கவாதமோ தலைக்காயமோ மூளையின் மொழிப் பகுதியைத் தாக்கினால் பேச்சு தடைபடும். இதற்கு 'அஃபேசியா' என்று பெயர்.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓசையே அவர் வாயில் வந்தது; ஆனால் பிறர் பேசியதைப் பெருமளவு புரிந்துகொண்டார். அவர் இறந்தபின் பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருந்தது. 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் வேறொரு வகையை விளக்கினார். அதில் பேச்சு சரளமாக வரும், பொருள் இராது, பிறர் சொல்வதும் சரியாக விளங்காது.

சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல முடியாத சிலருக்கு எண்களும் கிழமைகளும் மனனம் செய்த சூராக்களும் தடையின்றி வரும். பழகிய சொற்களை மூளை வேறு வழியில் கையாள்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனவே, 'ஓத முடிகிறதே, பேசினால் என்ன?' என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

'ஆறு மாதமாகிவிட்டது, இனிப் பேச்சு வராது' என்று கைவிடவும் வேண்டாம். 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான ஜெர்மானிய ஆய்வில், பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்தவர்களுக்கு வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி அளித்தார்கள். அவர்களின் அன்றாடப் பேச்சு மேம்பட்டது.

பேச்சுப் பயிற்சியாளரை நாடுங்கள். வீட்டில் சிறு வாக்கியங்களில் பேசுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அவரை அருகில் வைத்துக்கொண்டே, அவரைப் பற்றிப் பிறரிடம் பேசாதீர்கள்.