யாழ்ப்பாணத்து வகுப்பறைகளிற் புதுக் கருவிகள்

யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் கல்வி மணலிலே தொடங்கியது. ஏடு தொடக்கப்பெற்ற சிறுவன் சட்டம்பியார் முன்னிலையில் விரலால் மணலில் எழுத்துக்களைக் கீறிப் பழகுவான். கை தேர்ந்தபின் எழுத்தாணியும் பனையோலையும் அவனுக்குக் கிடைக்கும். ஓலையிற் புள்ளியிடுதல் அரிது. சொற்களைப் பிரித்தெழுதும் வழக்கமும் இல்லை. ஆதலின் ஏட்டைப் பார்த்த அளவிலே பொருள் கொள்ளுதல் இளம் மாணவனுக்கு இயலாது. ஆசிரியர் சொல்லக் கேட்டு, பலகாலும் உருப்போட்டு மனனஞ் செய்த பின்னரே அவ்வேடு அவனுக்குப் பயன்பட்டது. இம்முறையை இக்காலத்தார் எளிதில் இகழ்ந்துவிடுவர். ஒரு சுவடியைப் படியெடுக்கப் பல நாட் சென்ற காலத்தில், மாணவன் தன்னோடு எடுத்துச் செல்லக்கூடிய நூல் அவன் நெஞ்சிற் பதிந்ததொன்றே என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இணையவழிக் கல்வி இந்நாட்டுக்கு 2020ஆம் ஆண்டில் திடீரென வந்தபொழுது, வகுப்பறையின் இயல்பே முதன்முறையாக மாறிவிட்டதெனப் பலர் கருதினர். அஃது முற்றிலும் உண்மையன்று. புதிய கருவியொன்று வகுப்பறையினுட் புகுந்து ஆசிரியரையும் மாணவரையும் ஒருங்கே தடுமாறச் செய்தல் யாழ்ப்பாணக் குடாநாடு இரு நூற்றாண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டதொன்றாம். ஒவ்வொரு முறையும் கருவியின் மாட்சியைக் காட்டிலும், அக்கருவியில் ஏற்றப்பட்ட பாடம் எம்மொழியில் யாரால் ஆக்கப்பட்டது என்பதே மாணவரைக் கவர்ந்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. இதனை வரலாறு கொண்டே காணலாம்.

அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினறிக்கு டானியேல் பூவர் முதலதிபரானார். கணிதம், வானநூல், இயற்கைநூல் ஆகியன அங்கே ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. தொலைநோக்கி முதலாய கருவிகளும் மாணவர் கைக்கு எட்டின. 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்த சந்திரகிரகணம் அச்செமினறியின் வரலாற்றிற் பெரிதும் பேசப்படுவது. அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கத்திற் கண்ட கணக்குக்கும் தம் கணக்குக்குமிடையே வேறுபாடிருத்தலைப் பூவர் முன்னரே எடுத்துக்கூறினார். அன்றிரவு மாணவர் வானத்தையும் மணிக்கூட்டையும் மாறிமாறி நோக்கி நின்றனர். பூவர் கணக்கே பொருந்திற்று என்பது மிஷனார் எழுதிவைத்த செய்தி. வென்றவர் எழுதிய குறிப்பு அஃதென்பதை மறத்தலாகாது. நெடுங்காலத்துக்கு முன் வகுத்த வாய்பாடுகளைக் கொண்டு கிரகண நாளையும் பொழுதையும் ஏறக்குறையச் சொல்ல வல்லவராயிருந்த சாத்திரியாரின் மரபும் எளியதன்று. ஆயினும் கற்பித்தல் முறையை ஆராய்வோர்க்கு அவ்விரவு ஒரு செய்தியைத் தருகின்றது. கூறப்பட்டதை மாணவன் தன் கண்ணாற் சோதித்தறியும் வாய்ப்பைக் கருவி தந்தது. இக்காலத்தார் மாணவரைப் பாடத்தில் ஈடுபடுத்தல் என்று சொல்வதன் உட்பொருள் இதுவே.

எனினும் அச்செமினறி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற மாணவர் அரச உத்தியோகம் நாடிச் சென்றனரேயன்றி மிஷன் எதிர்பார்த்த வழியிற் செல்லவில்லையென்பதும், தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டுமென்னும் கருத்து மிஷன் தலைமையகத்தில் வலுப்பெற்றதும் அதற்குக் காரணங்களாயின. தொலைநோக்கி வழியே வானத்தைக் கண்டவர் தொகை சிறிது; கண்டதைத் தமிழில் எழுதி ஊரவர்க்குத் தந்தவர் தொகை அதனினுஞ் சிறிது.

அச்சியந்திரத்தின் கதை வேறு வகையினது. அமெரிக்க மிஷனுக்கென 1820இல் அச்சாளரான கரேற் என்பார் யாழ்ப்பாணம் வந்தபொழுது, ஆள்பதியாயிருந்த பாண்ஸ் அவரை இங்கே தங்கவிடாது திருப்பியனுப்பினார். கருவி வந்தும் அதனை இயக்க வல்லவனைத் தடுத்தமை வியப்புக்குரியது. ஆட்சியாளர் கருவிக்கு அஞ்சாது கருவியாளனுக்கு அஞ்சினர் போலும். 1834ஆம் ஆண்டளவில் மானிப்பாயில் மிஷன் அச்சகம் தொழிற்பட்டது. 1841 சனவரி 7ஆம் நாள் 'உதயதாரகை' வெளிவரலாயிற்று. 1842இல் மானிப்பாய் அகராதி அச்சேறியது.

இக்கருவியைப் பிறர் கையிற் கண்டு, அதன் ஆற்றலை அளந்து, தம் மரபுக்கு உரியதாக்கியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822இற் பிறந்த அவர் வெசிலியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபொழுது துணைபுரிந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவருக்கு முதலில் எதிர்ப்பட்ட இடர் பாடநூலின்மையே. மாணவரை வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பிக்கும் புதிய முறைக்கு, ஒரே வகுப்பிலுள்ள யாவர் கையிலும் ஒரே பாடம் இருத்தல் வேண்டும். ஏட்டுச் சுவடியால் அஃது ஒருபொழுதும் ஆகாது. 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். வித்தியாநுபாலன யந்திரசாலை எழுந்தது. பாலபாடங்கள் வரிசையாக வெளிவந்தன. பெரியபுராண வசனம் 1852இல் வெளியாயிற்று.

பாலபாடங்களின் அமைப்பு ஊன்றி நோக்கற்பாலது. எளிய சொற்களிலிருந்து அரிய சொற்களுக்கும், சிறு வாக்கியத்திலிருந்து நெடு வாக்கியத்துக்கும் மாணவனை அவை படிப்படியாகக் கொண்டு செல்கின்றன. சந்தி வேண்டுமிடத்துப் பிரிக்கப்பட்டது. நிறுத்தக் குறிகள் இடப்பட்டன. ஆசிரியர் உடனிராதபொழுதும் மாணவன் தானே வாசித்துப் பொருள் கொள்ளலாம் என்பது தமிழ்க் கல்வியிற் சிறிய மாற்றமன்று. வினாவும் விடையுமாகச் சமயத்தைக் கற்பிக்கும் முறையை மிஷனாரிடத்துக் கண்ட நாவலர், அதனையே கைக்கொண்டு சைவ வினாவிடையை ஆக்கினார். எதிர்த்தரப்பின் கருவியை எடுத்தாளுதற்கு அவர் நாணவில்லை. அக்கருவியில் ஏற்றும் பாடத்தைப் பிறரிடத்து இரவல் வாங்கத்தான் நாணினார்.

அதே காலத்தில் மானிப்பாயில் மற்றொருவர் இவ்வழியிலேயே மற்றொரு துறையில் உழைத்தார். 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு முதலாகச் சுதேச இளைஞருக்கு மேனாட்டு மருத்துவத்தை ஆங்கிலத்திற் கற்பித்தார். கற்றுத் தேறியோர் அரச சேவையை நாடிப் பிறவிடஞ் சென்றனர். கிராமத்து நோயாளர் நிலை முன்போலவே இருந்தது. 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்கெனத் தாமும் தம் மாணாக்கரும் கூடி நூல்களை மொழிபெயர்த்தனர். 'அங்காதிபாதம்' 1857இலேயே வெளிவந்திருந்தது. 'இரண வைத்தியம்' 1867இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. 'கெமிஸ்தம்' என்னும் பெயரே அம்முயற்சியின் இடர்ப்பாட்டைக் காட்டும். தமிழிற் சொல் உள்ளவிடத்து அதனையும், வடமொழி உதவியவிடத்து அதனையும், இரண்டும் கைவிட்டவிடத்து ஒலிபெயர்ப்பையும் அவர்கள் மேற்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை ஆக்கியபொழுது எதிர்ப்பட்ட இடரும் இதுவே. இற்றை நாளில் இணையப் பாடம் எழுதுவோர்க்கு எதிர்ப்படுவதும் இதுவே.

கரும்பலகையும் வெண்கட்டியும், சிலேற்றும், தேசப்படமும் வந்த வரலாறு ஆரவாரமற்றது. வானொலியின் கல்விச் சேவையும் சில பாடசாலைகளிற் பயன்பட்டது. ஆனால் ஒலிபெருக்கிப் பெட்டி மாணவனுடைய வினாவைக் கேளாது.

பின்னர் வந்தது இழப்பின் காலம். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் பல ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1990 முதற் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. உலகின் பிற பகுதிகளில் இணையம் வகுப்பறையை எட்டிப் பார்த்த அவ்வாண்டுகளில், இங்கே மாணவர் மண்ணெண்ணெய் சிறிதளவே ஊற்றிய சாம்போத்தல் விளக்கில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி மின் பெற்றனர். கொப்பித் தாளிற் செய்தித்தாள் அச்சாயிற்று. அக்காலத்துக் கற்பித்தற் கருவியாதெனின், ஆசிரியரின் குரலும் கையாற் படியெடுத்த குறிப்புமே எனல் வேண்டும். நாவலருக்கு முற்பட்ட நிலைக்கு வகுப்பறை ஒருவாறு திரும்பியிருந்தது.

இவ்விழப்பின் நினைவே யாழ்ப்பாணத்தாரை இணையத்திற் குறித்த ஒரு பணிக்குத் தூண்டியதெனல் பொருந்தும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வழிகாட்டியது. 2005இல் நூலகம் திட்டம் தோன்றி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்க்கலாயிற்று. தமிழ் விக்கிப்பீடியாவை 2003இல் முனைந்து வளர்க்கத் தொடங்கியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், 2017இல் அதன் கட்டுரைத் தொகை ஓரிலக்கத்தைக் கடந்தது. பாடசாலை மூடப்பட்டு மாணவர் இணையத்தை நாடவேண்டி வந்தபொழுது, தமிழிற் படிப்பதற்கு அங்கே ஏதேனும் இருந்ததாயின், அது பெரும்பாலும் இத்தகையோர் ஊதியமின்றி ஆக்கி வைத்ததேயாம்.

2020 மார்ச்சு 13ஆம் நாள் கொரோனாத் தொற்றின் பொருட்டு இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வியமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்திற் பாடநூல்களும் பயிற்சிகளும் மும்மொழியிலும் இருந்தன. தொலைக்காட்சியிலும் பாடங்கள் ஒளிபரப்பாயின. பல்கலைக்கழகங்கள் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் துணையாற் 'சூம்' வழியே விரிவுரைகளை நடத்தின; அதற்கான தரவுக் கட்டணத்தினின்று மாணவர்க்கு விலக்களிக்கப்பட்டது. பாடசாலை ஆசிரியர் பலர் கைக்கொண்ட கருவியோ 'வட்ஸ்அப்'. அதன் காரணம் வெளிப்படை. முகம் பார்த்து நடத்தும் வகுப்புக்குத் தரவு மிகுதியாகச் செலவாகும். குறித்த நேரத்தில் எல்லோரும் கூடவும் வேண்டும். குடும்பத்துக்கு ஒரு கைத்தொலைபேசியே உள்ள வீட்டில் அதனைத் தந்தை வேலைக்குக் கொண்டு சென்றுவிடுவார். பிள்ளைகள் மூவராயின் அவர் திரும்பியபின் முறைவைத்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் தம் கையால் எழுதிய குறிப்பைப் படம்பிடித்து அனுப்பினால், மாணவன் இரவிலேனும் அதனைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, தன் விடையைப் படம்பிடித்துத் திருப்பியனுப்பலாம். சிறு சிறு குரற்பதிவுகளாகப் பாடத்தை விளக்கினால், விளங்காதவிடத்து மீண்டும் கேட்கலாம். புதிய கருவி பழைய கையெழுத்துக் குறிப்பையே சுமந்து சென்றது.

கருவியைத் திறம்படக் கையாண்ட ஆசிரியர் இதனோடு நில்லாது வேறு வழிகளுங் கண்டனர். கூகிள் படிவத்திற் சிறு வினாக்களை அமைத்து, விடை எழுதிய உடனே சரி பிழை தோன்றச் செய்தால், வகுப்பில் வாய் திறவாத மாணவனும் பலமுறை முயல்வான். நாற்பது பேர் நடுவே பிழை விடும் நாணம் அங்கே இல்லை. விஞ்ஞானப் பரிசோதனையைக் காணொளியிற் காட்டி, இடையில் நிறுத்தி, அடுத்து யாது நிகழும் எனக் கேட்டல் மற்றொரு முறை. 1829ஆம் ஆண்டு இரவில் வட்டுக்கோட்டையில் நிகழ்ந்ததும் இதற்கு நெருங்கியதே. முன்னரே ஊகித்துப் பின் கண்டறிதலில் மாணவன் மனம் ஈடுபடும். ஆனால் அத்தகைய காணொளிகளும் விளையாட்டு வினாக்களும் ஆங்கிலத்தில் எண்ணிறந்தன. இலங்கைப் பாடத்திட்டத்துக்கேற்பத் தமிழிற் கிடைப்பன சில. தமிழகத்திலிருந்து வருவனவற்றிற் பாடத்திட்டமும் வேறு, கலைச்சொல்லும் பலவிடத்து வேறு. ஆதலின் ஆசிரியர் தாமே ஆக்கவேண்டியவராயினர்.

அவ்வாக்கத்தின் செலவை யார் ஏற்பது என்பது தீராதிருந்தது. ஆசிரியர் பலர் தம் தொலைபேசியையும் தம் தரவுக் கட்டணத்தையுமே செலவிட்டனர். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் 2021 யூலை மாதத்தில் இணையவழிக் கற்பித்தலினின்று விலகின. அவ்விலகல் ஒக்டோபர் வரை நீடித்தது. கருவிகள் யாவும் இருந்தபடியே இருக்க வகுப்பு நின்றது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபொழுது மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்டது. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திற் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. எரிபொருளின்மையால் ஆசிரியர் பாடசாலைக்கு வரமாட்டாது மீண்டும் இணையவழியை நாடவேண்டியதாயிற்று. தாளும் இல்லை, மின்னும் இல்லை என்னும் நிலையை 1990களிற் கண்டிருந்த குடாநாட்டு முதியோர்க்கு அதிற் புதுமை தோன்றியிராது.

பாடசாலைகள் வழமைக்குத் திரும்பிய பின்னரும் வகுப்பு வாரியான 'வட்ஸ்அப்' குழுக்கள் கலையவில்லை. வராத மாணவனுக்கு அன்றைய குறிப்பும், பரீட்சைக்கு முன் பழைய வினாத்தாளும் அவற்றின் வழியே செல்கின்றன. நாவலரின் பாலபாடமும் இன்று நூலகம் தளத்தில் உண்டு. வண்ணார்பண்ணையில் அச்சிட்டுக் கைக்குக் கை கொடுத்த அந்நூலை நெடுந்தீவிலோ வடமராட்சியிலோ உள்ள மாணவன் தன் தந்தையின் தொலைபேசியில், அவர் வேலை முடிந்து வீடு திரும்பிய பின், விலையின்றித் திறந்து வாசிக்கலாம்.