திமிலைத் தழுவியவனின் கழுத்து

மதுரைச் சீமையின் மாடுபிடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கொம்பையே பேசுகிறார்கள். முல்லைக்கலியைப் படித்தவர் மனத்திலும் குடல் சரிந்து கிடந்த ஆயர்குல இளைஞனே நிற்கிறான். ஆனால் ஏறு தழுவுதல் என்னும் பெயரே உணர்த்துவதுபோல், இது ஆதியில் ஒரு பிடிப்போர், மல்யுத்தத்தின் உடன்பிறப்பு. அதன் கொடிய காயம் ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் கழுத்திலும் முதுகுத்தண்டிலும் நேர்வது.

பழம்புலவர்களில் இதைக் கூர்ந்து கண்டவர் சாத்தந்தையார். ஆமூர் மல்லனைப் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்திய காட்சியைப் புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் வருணிக்கும் அவர், ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறுகாலால் அவன் தந்திரங்களை முதுகுப்புறம் தடுத்து, பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல், தலையும் காலுமாகிய இருமுனையும் ஒடிய மோதினான் என்கிறார். இருமுனையையும் வளைத்தால் நடுவே முறிவது முதுகெலும்பன்றோ!

அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ வாடிவாசலருகே நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். திமிலைக் கையால் வளைத்து, முகத்தைக் காளையின் தோளோடு அழுத்தித் தொங்குகிறவனை அது ஒரே சுழற்றில் உதறும்போது, முதலில் தளர்வது விரல். சில சமயம், முதலில் மண்ணைத் தொடுவது தலை. கழுத்துக்கு இயற்கை தந்த மெல்லிய வளைவு தலை குனிந்ததும் நேராகிவிட, சரீரத்தின் பாரம் முழுவதும் 7 சிற்றெலும்புகளின்மேல் செங்குத்தாக இறங்குகிறது. உள்ளே ஓடும் நரம்புத்தண்டு நசுங்கினால் கைகால் விழும், உச்சியில் நசுங்கினால் மூச்சே நிற்கும்.

சேலம் மாவட்டத்துக் கருமந்துறையில் கிடைத்த நடுகல், எருது விளையாடி மாண்ட சங்கனுக்கு அவன் மகன் நட்டது. என்ன காயத்தால் மாண்டான் என்பதை அந்தக் கல் சொல்லவில்லை.

2009-இல் சட்டம், 2014-இல் தடை, 2017-இல் மீட்சி என்று நடந்த வழக்காடல்களுக்கிடையே, திமிலை மட்டுமே பற்றலாம், மூன்று துள்ளலோ 15 மீட்டரோ போதும் என்ற விதியும், களத்தில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவும் வந்து சேர்ந்ததை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன். ஆயினும் விழுந்தவனைக் கையொருவரும் காலொருவருமாகத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த அன்பு என்னை அஞ்சவைக்கிறது. தப்பிப் பிழைத்த நரம்பை அவ்வோட்டமே நசுக்கிவிடக்கூடும். சுளுக்கென்று கழுத்தை உருவிவிடுவதும் அத்தகைய அபாயமே. ஒருவர் தலையின் இருபுறமும் உள்ளங்கை வைத்து அசையாமல் பிடிக்க, தலையும் முதுகும் ஒரே கோட்டில் நிற்கும்படி நால்வர் சேர்ந்து பலகையில் ஏற்றவேண்டும். அதன்பிறகே, முன்னாளில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என வழங்கிய மதுரை இராஜாஜி மருத்துவமனையை நோக்கி வண்டி புறப்படலாம்.