உழையா வருமானமும் பிள்ளைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒருவன் தன் உடலுழைப்பால் ஈட்டும் கூலியும், மற்றொருவனுக்கு அவன் சொத்து ஈன்றுதரும் வட்டியும் பங்கிலாபமும் ஒரே தன்மையனவா? 1907ஆம் ஆண்டிலே பிரித்தானிய நிதியமைச்சர் அஸ்குவித் இவ்விரண்டையும் வேறுபடுத்தினார். ஆண்டொன்றுக்கு 2,000 பவுணுக்கு உட்பட்டோர் உழைத்துப் பெற்ற வருமானத்திற்குப் பவுணொன்றுக்கு ஒன்பது பென்சும், உழையா வருமானத்திற்கு ஒரு சிலிங்கும் வரியாயின. உழைப்பு நோயாலும் மூப்பாலும் ஓயும். சொத்தோ உறங்கும்போதும் வளரும். இவ்வுண்மையே அவ்வேறுபாட்டின் அடிப்படை எனலாம்.

ஆயின், வரி உயருந்தோறும் செல்வர் வேறு வழி கண்டனர். பங்குகளையும் வைப்புப் பணத்தையும் பிள்ளைகள் பெயருக்கு மாற்றினால், ஒரு பெரும் வருமானம் பல சிறு வருமானங்களாகப் பிரிந்து குறைந்த வீதத்துக்குள் அடங்கிவிடும். தொட்டிற் குழந்தையும் ஏட்டளவில் முதலாளியாகிவிடும்!

இலங்கையில் வருமான வரி 1932இல் நடைமுறைக்கு வந்தது. 1958இல் கேம்பிரிட்ஜ்ப் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோர் அரசின் அழைப்பில் இங்கு வந்து நேர்வரிச் சீர்திருத்தத்தை வகுத்தார். அதன்வழி 1959இல் செல்வ வரி, நன்கொடை வரி, செலவின வரி என்பன தோன்றின. கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் ஆகியோரின் வருமானம் குடும்பம் என்னும் ஒரே அலகாகக் கூட்டி நோக்கப்பட்டது. பிள்ளையின் பெயரில் ஒளித்த செல்வத்தைச் சட்டம் தந்தையின் கணக்கிலே தேடிற்று.

இங்குச் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியை நினைத்தல் பொருந்தும். எம் லயங்களிலும் பிள்ளைகள் பெயரில் வருமானம் இருந்தது. ஆனால் அது பங்கிலாபமன்று. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். செல்வன் வீட்டுப் பிள்ளை வரியைக் குறைப்பதற்கு ஏட்டிலே பெயரானான். தொழிலாளி வீட்டுப் பிள்ளை அடுப்பெரிவதற்குச் செக்றோலிலே பெயரானான். ஒரே காலத்துப் பிள்ளைகள் இருவர், இருவேறு ஏடுகள்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் இவ்வேறுபாட்டை நினைவூட்டுகின்றது. நெற்காணியல்லாத நிலத்தில் ஒருவருக்கு 50 ஏக்கர் என வரம்பிட்ட அச்சட்டம், வயது வந்த பிள்ளைகளுக்குக் காணி கைமாறவும் இடமளித்தது. உடையவன் வீட்டில் பதினெட்டு வயது ஒரு சொத்துரிமை. உழைப்பவன் வீட்டில் அது உழைப்பின் இன்னுமோர் ஆண்டு மட்டுமே.

ஏனைய நாடுகளின் அனுபவமும் நோக்கற்பாலது. இந்தியா 1992இல் வயது வராதோர் வருமானத்தைப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்க விதித்தது. எனினும் பிள்ளை தன் உடலுழைப்பாலோ திறமையாலோ ஈட்டியதை விலக்கிற்று. அமெரிக்கா 1986இல் பதினான்கு வயதுக்குட்பட்டோரின் சொத்து வருமானத்தில் ஓரெல்லையைக் கடந்த பகுதிக்குப் பெற்றோரின் வீதத்தில் வரி விதித்தது. 2007ஆம் ஆண்டின் சட்டம் அவ்விதியை 24 வயதுக்குட்பட்ட முழுநேர மாணவர்வரை நீட்டிற்று. தம் வாழ்க்கைச் செலவின் பாதிக்கு மேல் தாமே உழைத்துத் தேடும் மாணவர் அதற்கு உட்படார். இரு சட்டங்களும் உழைப்பைச் சொத்தினின்றும் பிரித்தே நோக்குகின்றன.

இன்று எம் நாட்டில் 2024 முதல் பதினெட்டு வயதடைந்தோர் வரி இலக்கம் பெறவேண்டுமென விதிக்கப்பட்டுள்ளது. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதம் பிடிக்கப்படுகின்றது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவர் பிரகடனப் பத்திரம் கொடுத்து அதனைத் தவிர்க்கலாம். ஆனால் பத்திரத்தை அறிந்தவனுக்கே அவ்வழி பயன்படும். கொழும்பு சென்று கடையில் உழைத்து, மிஞ்சியதை வங்கியிலிட்ட நல்லதண்ணி இளைஞனின் சிறுவட்டியும் சட்டத்தின் கண்ணில் உழையா வருமானமே. அறியாமையால் அவன் செலுத்தவேண்டாத வரியையும் செலுத்த நேரிடும்.

செல்வரின் தந்திரத்தை அடைக்க எழுந்த வேலி, ஏழையின் சேமிப்பை மறிக்கும் வேலியாகிவிடலாகாது. வருமானம் எவர் பெயரில் உள்ளது என்பதைவிட, அதன் பின்னே நிற்பது எவர் சொத்து, எவர் வியர்வை என வினவுவதே நீதி. வரலாறு எமக்குணர்த்தும் பாடமும் அதுவே.