வட கரேலியாவின் ஏழாம் வகுப்பு

பின்லாந்து நாட்டின் கிழக்குக் கோடியில், ருஷ்ய எல்லையை ஒட்டி, வட கரேலியா என்னும் மாகாணம் இருக்கிறது. ஏரிகளும் பைன் மரக் காடுகளும் நிறைந்த சீமை அது. மரம் வெட்டுவோரும் கறவை மாடு வளர்ப்போரும் அங்கே மிகுதி. உழைப்பவனை நோய் அண்டாது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அந்த நம்பிக்கை வட கரேலியாவில் பொய்த்துப்போயிற்று. 1960களில் உலகிலேயே இருதய நோய்க்கு மிகுதியாகப் பலியான ஆடவர் கிழக்குப் பின்லாந்துக்காரர்களே. நாற்பதிலும் ஐம்பதிலும் மாரடைப்பால் மாண்டவர் பலர்.

காரணம் உழைப்பில் இல்லை. உணவிலும் புகையிலும் இருந்தது. ரொட்டியின்மீது கனமாக வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், உப்பு மிகுந்த பண்டங்கள் ஆகியவையே அன்றாட ஆகாரம். காய்கறி அருமை. ஆடவரில் பாதிப் பேர் புகைத்தனர்.

1971-இல் மாகாணத்து மக்களின் பிரதிநிதிகள் அரசாங்கத்திடம் விண்ணப்பம் செய்தனர். மறு ஆண்டே ஒரு திட்டம் தொடங்கியது. தலைமை ஏற்றவர் பெக்கா புஸ்கா என்னும் மருத்துவர். அப்போது அவருக்கு வயது 27. மார்த்தா என்னும் மாதர் சங்கத்தார் ஊர் ஊராகப் பெண்களைக் கூட்டி, கொழுப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டினர். வெண்ணெய் விற்றுப் பிழைக்கும் சீமையில் வெண்ணெயைக் குறையுங்கள் என்று சொல்வது எளிய காரியமா? எதிர்ப்பு எழத்தான் செய்தது. பிற்காலத்தில் குடியானவர் சிலர் பழச்செடி பயிரிடும் தொழிலுக்கு மாறினர்.

பெரியவர்களைத் திருத்தினால் மட்டும் போதாது என்பது விரைவில் தெரிந்தது. இரத்தக் குழாயில் கொழுப்புப் படிவது இளமையிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. புகைக்கும் பழக்கமும் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில்தான் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே 1978-இல் பதின்மூன்று வயது நிரம்பிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சென்றனர்.

மாணவர்களே, இங்கேதான் ஆசிரியனாகிய நான் சற்று நின்று கவனிக்கிறேன். எங்கள் காலத்துச் சுகாதாரப் பாடம் எப்படி இருந்தது? 'புகை பிடிப்பதால் விளையும் தீமைகள் யாவை?' என்பது வினா. தீமைகளை வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பையனே மாலையில் கடைத்தெரு முனையில் பீடியுடன் நிற்பதைக் கண்ட ஆசிரியர் பலர். அவனிடம் அறிவுக்குக் குறைவில்லை. தோழன் நீட்டியதை வேண்டாம் என்று சொல்லத்தான் அவனுக்குத் தெரியவில்லை.

வட கரேலியாவில் அந்தக் குறையையே பாடமாக்கினர். சாவைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. ஒரு பிள்ளை சிகரெட்டை நீட்டுவதுபோல் நடிக்க, மற்றொரு பிள்ளை நட்புக் கெடாமல் மறுத்துப் பழகியது. விளம்பரங்கள் எவ்வாறு மனத்தை மயக்குகின்றன என்று ஆராய்ந்தனர். இரண்டு பள்ளிகளில் சுகாதாரப் பணியாளர்களும், பயிற்சி பெற்ற மாணவத் தலைவர்களும் பாடம் நடத்தினர். இரண்டில் ஆசிரியர்களே நடத்தினர். வேறு மாகாணத்துப் பள்ளிகள் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்டனர். பதினைந்து ஆண்டுகள் பொறுத்து அதே மாணவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தபோது, பாடம் பெற்றவர்கள் அதுவரை புகைத்த சிகரெட்டுகள் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பெரிய அதிசயம் அன்று. ஆனால் சில மணி நேரப் பாடம் பதினைந்து ஆண்டு நிலைத்தது என்றால், நான் அதைச் சிறிது என்று சொல்லமாட்டேன்.

பள்ளிக்கு வெளியேயும் துணை இருந்தது. 1976-இல் இயற்றிய சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடுத்தது. பின்லாந்தில் 1948 முதலே எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு உண்டு. வகுப்பில் ஒன்றைச் சொல்லி, வாசலில் அதற்கு மாறானதை விற்கவிட்டால் எந்தப் பாடம் நிற்கும்?

2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் கணக்கெடுத்தபோது, வேலை செய்யும் வயதிலுள்ள வட கரேலிய ஆடவரிடையே இருதய நோய்ச் சாவு, திட்டத்துக்கு முன் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. இதில் ஏழாம் வகுப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. பெரும்பங்கு வீட்டுச் சமையலறையில் மாறிய உணவுக்கே உரியது. 1978-இல் மறுக்கப் பழகிய அந்தப் பிள்ளைகள் அப்போதுதான் நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார்கள்.