மிட்வேயும் குரும்பூரும்: 1942இல் தாமிரபரணிக் கரை

இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகளைச் சொல்லும் நூல்கள் மிட்வே, எல் அலமைன், ஸ்டாலின்கிராட் என்ற வரிசையை விட்டு அதிகம் விலகுவதில்லை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பார்த்தால் வரிசை வேறு: சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு, பிறகு குரும்பூர். கடைசிப் பெயர், 1942 ஆகஸ்டில் கொதித்தெழுந்த வட்டாரத்து ஊர், எந்தப் போர் வரலாற்றிலும் இருக்காது. ஆனால் முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதை விளக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. பிடிபட்ட ஏறத்தாழ 85,000 வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இது தூர தேசத்துச் செய்தியல்ல. கடையநல்லூரார் சிங்கப்பூரில் தமக்கென ஒரு சங்கமே வைத்திருந்தனர். மூன்று வாரத்தில், மார்ச் 8 அன்று, ரங்கூனும் விழுந்தது. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் கடல் வழியாகவும், அரக்கான், மணிப்பூர் மலைப்பாதைகளில் கால்நடையாகவும் வெளியேறினர். வழியில் காலராவிலும் பசியிலும் மாண்டவர் ஆயிரக்கணக்கில். ஊர் வந்து சேர்ந்தவர்கள் கொண்டுவந்த சேதி ஒன்றுதான்: துரைமார்கள் முதலில் ஓடினார்கள். ஆட்சியின் மதிப்பை இதைவிட வேகமாகக் கரைத்த பிரசாரம் வேறு இருந்திருக்க முடியாது.

ரங்கூன் வீழ்ச்சியின் விளைவு அடுப்படியிலும் தெரிந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி ஒரேயடியாக நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் அந்த அரிசியையே பெரிதும் நம்பியிருந்தது. தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் கார், பிசானம் என்ற இரு போகமும் விளைவித்தவர்களின் நெல்லுக்குத் திடீரென்று எல்லாத் திசையிலும் கிராக்கி. விலைக் கட்டுப்பாடு, கட்டாயக் கொள்முதல், ரேஷன், கள்ளச் சந்தை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. கைலி நெய்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அனுப்பிய சென்னை மாகாணத் தறிக்காரர்களுக்கோ நூலும் தட்டுப்பாடு, சந்தையும் போச்சு.

பிறகு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கின. தூத்துக்குடியில் மாலை கப்பலேறினால் மறுநாள் காலை கொழும்பு, அவ்வளவு பக்கம். அன்றே டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஒன்பதாம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. பிரிட்டனின் கீழ்த்திசைக் கப்பற்படையில் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கரைக்கே பின்வாங்கியது. சென்னையிலிருந்து அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மன்னார் வளைகுடா காவலின்றிக் கிடந்தது என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

வரலாற்றின் விசித்திரம் இதற்கடுத்த இரண்டு மாதத்தில் இருக்கிறது. ஜூன் 4 அன்று பசிபிக்கில் மிட்வே தீவருகே ஜப்பான் இழந்த நான்கு விமானந்தாங்கிகளில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் கொழும்பைத் தாக்கியவை. ஆக, திருச்செந்தூர்க் கரைக்கு இருந்த உண்மையான ஆபத்து ஜூனிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூர் விழாது என்று கடைசி வரை சொன்ன அரசாங்கம் இப்போது வெற்றி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி வேறு தமிழிலும் பேசிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் போய்விடுவான் என்ற நம்பிக்கை, அதற்கான போர்க்களக் காரணம் மறைந்த பிறகும், ஊர்களில் உயிரோடு இருந்தது.

ஆகஸ்ட் 9 அன்று காங்கிரஸ் தலைவர்கள் கைதானதும் ஆறுமுகநேரி, குரும்பூர், குலசேகரன்பட்டினம் வட்டாரம் கொதித்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே, உப்பளமும் பனங்காடும் கலந்த பூமி இது. பாரி கம்பெனி தன் சர்க்கரை ஆலைக்காகக் குலசேகரன்பட்டினத்திலிருந்து திசையன்விளைப் பக்கம் போட்ட சிறு ரயில்பாதை 1940இல் மூடப்பட்டிருந்தது. உப்பு இலாகாவின் கெடுபிடியோ 1930 சத்தியாகிரகத்திலிருந்தே ஆறாத புண். ஆறுமுகநேரியின் கே.டி. கோசல்ராம் முன்னின்ற இயக்கம் கள்ளுக்கடை மறியலோடு நிற்கவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்தன, காவலர்களின் துப்பாக்கிகள் பறிபோயின. செப்டம்பர் 20 அன்று குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். ஊரார் வாயில் அது இன்றும் ‘லோன் துரை கொலை’தான்.

துப்பாக்கி பறித்தவர்கள் அவற்றை வைத்து ஒரு சாம்ராஜ்யத்தோடு நீண்ட போர் நடத்தியிருக்க முடியாது. சரியப்போகும் ஆட்சியைக் கடைசியாக ஒரு தள்ளு தள்ளுகிறோம் என்ற எண்ணமே அவர்களை இயக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அரசின் பதிலடிக்கும் இதே போர்ப் பின்னணி உண்டு. 1942 ஜனவரி 2 அன்று பிறப்பித்த சிறப்புக் குற்றவியல் நீதிமன்ற அவசரச் சட்டம், அந்நியத் தாக்குதல் அல்லது உள்நாட்டுக் கலவரம் என்ற நெருக்கடி எழுந்தால் மாகாண அரசு அமலாக்கலாம் என்று வகை செய்திருந்தது. ஜப்பானியர் கரையேறவில்லை, சட்டம் உள்ளூர்க்காரர்கள் மேல் பாய்ந்தது. லோன் கொலை வழக்கில் சிறப்பு நீதிமன்றம் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அது பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1946இல் காங்கிரஸ் அமைச்சரவை வந்தபின் அவர்கள் விடுதலையானார்கள்.

1944இன் இம்பால், கோஹிமா போர்கள் ராணுவ நோக்கில் மிகப் பெரியவை. மலாயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்த இந்திய தேசிய ராணுவமும், பிரிட்டிஷ் கொடியின் கீழிருந்த இந்தியப் படைகளும் எதிரெதிரே நின்றன. ஆற்றங்கரைக்கோ அந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி, 1938இல் தொடங்கி இழுத்துக்கொண்டிருந்த பாபநாசம் நீர்மின் திட்டம் மின்சாரம் தரத் தொடங்கியதுதான். 1945 மே மாதத் தொடக்கத்தில் ரங்கூன் மீட்கப்பட்டபோதும் பர்மா அரிசி பழைய அளவில் திரும்பவில்லை. போர் கொண்டுவந்த உணவுக் கட்டுப்பாட்டை 1952இல் முதலமைச்சர் ராஜாஜி நீக்கிய பிறகே இப்பக்கத்து நெல் மீண்டும் தடையின்றிச் சந்தைக்குப் போனது.